குழாய் ஸ்பீக்கரிலும் கேட்கிற பேஸ்

பாபநாசத்தில் ஒரு மாடி அறையில் ரெக்கார்டிங் வேலை செய்கிறேன். அதற்கு முன்னால் பல வருஷம் இன்னிசைக் கச்சேரிக் குழுக்களில் கீபோர்டு. பேஸ் கிட்டார்காரர் வராத இரவுகளில் இடது கையாலேயே பேஸையும் வாசித்தாக வேண்டும். எனக்கு பேஸ் மேல் ஒட்டுதல் வந்தது அப்படித்தான். இப்போது வருகிற வேலையில் பெரும்பங்கு, ஆடி மாதத் திருவிழாவுக்கென்று ஊர்க்காரர்கள் சொல்லிச் செய்துகொள்கிற அம்மன் பாட்டு. மிச்சம் கல்யாண வீடியோ, கட்சிக் கூட்டம், சொந்தமாகப் பாட்டுப் போடுகிற கல்லூரிப் பையன்கள்.

அந்தப் பையன்கள் வந்து உட்கார்ந்ததும் கேட்பது, "அண்ணே, பேஸுக்கு எந்த ப்ளகின் போடுறீங்க?" என்பதுதான். ப்ளகின் என்பது ரெக்கார்டிங் மென்பொருளுக்குள் சேர்த்துக்கொள்கிற துணை மென்பொருள். பெயர் சொல்கிறேன், அதில் ரகசியம் இல்லை. ஆனால் ஒரே ப்ளகினை இரண்டு பேர் போட்டால் ஒருவர் பேஸ் நிற்கிறது, இன்னொருவர் பேஸ் கொழகொழவென்று ஓடுகிறது. பெரும்பாலும் அந்த வித்தியாசம், நோட்டை எங்கே நிறுத்தினார்கள் என்பதிலும் பாட்டில் கீழ்ஸ்தாயியை ஏற்கெனவே யார் பிடித்திருக்கிறார்கள் என்று பார்த்தார்களா என்பதிலும் இருக்கிறது.

முதலில் பெயர்கள். மென்பொருள் பேஸ் இரண்டு ஜாதி. ஒன்று சாம்பிள்: நிஜ பேஸ் கிட்டாரின் ஒவ்வொரு நோட்டையும் மெதுவாகவும் அழுத்தியும் வாசித்துப் பதிவு செய்து அடுக்கி வைத்தது. இலவசமாக வேண்டுமென்றால் ஆம்பிள் சவுண்டின் ஆம்பிள் பேஸ் பி லைட் போதும். 1951-இல் ஃபெண்டர் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸ் வகையின் ஒலி அது. காசு இருந்தால் ஸ்பெக்ட்ராசோனிக்ஸின் ட்ரிலியன். ஆனால் அது 30 ஜிபிக்கு மேல் இடம் கேட்கும், 8 ஜிபி ரேம் லேப்டாப்பில் திணறும். இன்னொரு ஜாதி சின்த். இதில் பதிவு ஏதும் இல்லை, ஒலி அலையைக் கம்ப்யூட்டரே உருவாக்குகிறது. வைட்டல், சர்ஜ் எக்ஸ்டி, டெக்ஸெட் மூன்றும் இலவசமாகவே கிடைக்கின்றன. டெக்ஸெட் என்பது 1983-இல் வந்த யமஹா டிஎக்ஸ் 7 கீபோர்டின் நகல். எண்பதுகளின் கடைசியில் வந்த பாட்டுகளில் 'டங்' என்று கண்ணாடி தட்டுகிற மாதிரி ஒரு பேஸ் கேட்டிருந்தால், அது பெரும்பாலும் இந்தக் குடும்பம்தான். இதற்கு மேல் ஆரம்பத்தில் எதையும் இறக்க வேண்டாம். ஆயிரம் பேட்ச் (சேமித்து வைத்த ஒலி அமைப்பு) கையில் இருந்தால் இரவு முழுவதும் பேட்ச் மாற்றிக்கொண்டே இருப்பீர்கள், பாட்டு முடியாது.

வாசிக்கும்போது பஃபர் (கம்ப்யூட்டர் ஒரு தடவைக்கு எடுத்துக்கொள்கிற சாம்பிள் எண்ணிக்கை) 128 அல்லது 256-இல் இருக்கட்டும். 44,100 சாம்பிள் ரேட்டில் 256 என்றால் ஆறு மில்லி செகண்டுக்குக் கொஞ்சம் குறைவான தாமதம், விரலுக்குத் தெரியாது. மிக்ஸ் செய்யும்போது 1024-க்கு ஏற்றிக்கொள்ளுங்கள். எங்கள் பக்கம் இன்னொரு தொல்லை உண்டு. கரண்ட் போனதும் லேப்டாப் பேட்டரிக்கு மாறும், ப்ராசஸர் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், சத்தம் பொரிய ஆரம்பிக்கும். ப்ளகின் கெட்டுப்போய்விட்டது என்று அழித்துவிட்டுத் திரும்பப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பவர் செட்டிங்கில் பேட்டரிக்கும் முழு வேகம் வைத்தால் பல சமயம் தீர்ந்துவிடும்.

கட்டையைப் பார்த்து ஸ்தாயி

நாலு தந்தி பேஸின் அடித்தந்தி இ நோட்டு, 41 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே அந்த வாத்தியத்தில் ஒன்றும் இல்லை. கம்ப்யூட்டரில் எந்தக் கீயை அழுத்தினாலும் ஏதோ ஒன்று வரும் என்பதால் இதை யாரும் கவனிப்பதில்லை.

ஐந்தரைக் கட்டை ஸ்ருதியில் ஒரு அம்மா பாடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸட்ஜம் ஜி ஷார்ப். பேஸின் கீழ் ஸட்ஜம் 52 ஹெர்ட்ஸில் விழும். அருமையான இடம், தாராளமாக இறங்கி வாசிக்கலாம். அதே பாட்டை ஆண் குரலுக்காக ஒரு கட்டைக்கு மாற்றினால் கீழ் ஸட்ஜம் 33 ஹெர்ட்ஸ். திருவிழாவில் வைக்கிற எந்தப் பெட்டியும் அதை ஒழுங்காகக் காட்டாது, ஆம்ப்ளிஃபயர்தான் வீணாகச் சூடாகும். ஒரு ஸ்தாயி ஏறி 65-இல் வாசியுங்கள். பாரி நாயனம் (நீளமான, கீழ் ஸ்ருதி நாகஸ்வரம்) சேர்கிற பாட்டு என்றால் ஸ்ருதி பெரும்பாலும் இரண்டு, இரண்டரைக் கட்டை. அங்கேயும் இதே கதைதான். டி என்றால் 73 ஹெர்ட்ஸில் ஸட்ஜம், அதற்குக் கீழே மந்திர பஞ்சமம் 55-இல். இரண்டுக்கும் நடுவே உலாவினால் போதும்.

ஒரு எச்சரிக்கை. ஒரே நோட்டுக்கு ஒவ்வொரு ரெக்கார்டிங் மென்பொருளும் ஒவ்வொரு எண் போடும். நடு சி-யை ரீப்பர் சி 4 என்கிறது, கியூபேஸ் சி 3 என்கிறது, எஃப்எல் ஸ்டுடியோ சி 5 என்கிறது. யூட்யூபில் ஒருவர் 'இ 1' என்று சொன்னதை அப்படியே போட்டால் ஒரு ஸ்தாயி தள்ளிப் போகலாம். மிடி எண் (எந்த மென்பொருளிலும் மாறாத நோட்டு எண்) 28 எங்கே இருக்கிறது என்று பாருங்கள், அதுதான் அந்த அடித்தந்தி.

நாயனம் நேரடியாகப் பதிவானால் ஸ்ருதியையும் சோதிக்க வேண்டும். நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்து வருகிற வாத்தியம் அது. சீவாளி, மூச்சு, அன்றைய ஈரம் எல்லாவற்றுக்கும் தகுந்தாற்போல ஸ்ருதி கொஞ்சம் அசையும். அது கம்ப்யூட்டரின் 440-க்கு வந்து நிற்காது. நீங்கள்தான் போக வேண்டும். நாயனக்காரர் நீளமாகப் பிடிக்கிற ஒரு ஸட்ஜத்தை ட்யூனர் ப்ளகினில் பாருங்கள். இருபது சென்ட் (அரை ஸ்வரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) ஏறியிருந்தால் பேஸ், பேட் (பின்னணியில் நீளமாக நிற்கும் ஒலி), எல்லா சின்த்திலும் ஃபைன் ட்யூனை இருபது சென்ட் ஏற்றுங்கள். நாயனத்தை ஆட்டோட்யூனில் போட்டு இழுக்கிற பாவம் வேண்டாம்.

ராகம் பற்றி ஒரே ஒரு விஷயம். கீபோர்டு பழகியவர்களின் கை, தானாக ஸட்ஜம் பஞ்சமம் என்று குதிக்கும். ஹிந்தோளத்தில் பஞ்சமம் கிடையாது, ஸ்ரீரஞ்சனியிலும் கிடையாது. அங்கே பேஸ் பஞ்சமத்தைத் தொட்டால் பாடுகிறவர் முகம் சுளிப்பார். ஏன் என்று அவருக்குச் சொல்லத் தெரியாமலும் போகலாம். ஸட்ஜத்திலிருந்து மத்யமத்துக்குப் போங்கள்.

நோட்டு முடிகிற இடம்

இதில்தான் நான் அதிக நேரம் செலவழிக்கிறேன்.

பாட்டு நிமிஷத்துக்கு 100 பீட் வேகம் என்றால் ஒரு பீட் 600 மில்லி செகண்ட், அரை பீட் 300. பழகாதவர்கள் அரை பீட் நோட்டுகளை முழுசாக 300-க்கும் இழுத்து, ஒன்றோடு ஒன்று ஒட்டி வைத்துவிடுவார்கள். திரையில் பார்க்க அழகாக இருக்கும். காதுக்கு ஒரே இரைச்சல். நோட்டை 200, 220-இல் வெட்டிப் பாருங்கள். மிச்சமுள்ள 80, 100 மில்லி செகண்ட் மௌனத்தில் தாளம் மூச்சு விடும். பேஸ் சத்தம் கூடின மாதிரி இருக்கும், ஃபேடரைத் தொட்டிருக்கவே மாட்டீர்கள். நிஜ பேஸ்காரர் இதை இடது கை விரலைத் தளர்த்தியே செய்துவிடுகிறார். நமக்கு மவுஸ்.

எல்லா நோட்டையும் ஒரே மாதிரி வெட்டினால் அதுவும் செத்த பேஸ்தான். என் வழக்கம் இது: பீட்டின் தலையில் விழுகிற நோட்டு கொஞ்சம் நீளம், இடையில் வருவது குட்டை, அடுத்த ஸ்வரத்துக்கு இட்டுச்செல்கிற கடைசி நோட்டு முழு நீளம். அந்தக் கடைசி நோட்டு அடுத்ததன் மேல் சற்றே ஏறிக்கொண்டால் நல்ல சாம்பிள் பேஸ்கள் அதை ஹாமர் ஆகவோ ஸ்லைடாகவோ எடுத்துக்கொள்ளும். கமகம் மாதிரி ஒரு வழுக்கல் இலவசமாகக் கிடைக்கும். திஸ்ர நடைப் பாட்டில் ஒன்று, நாலு இரண்டையும் ஊன்றி, ஆறாவதில் ஒரு குட்டை நோட்டு வையுங்கள். கும்மிப் பாட்டுக்கு அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம்.

வெலாசிட்டியில், அதாவது நோட்டை அடிக்கிற அழுத்தத்தில், எல்லாவற்றையும் உச்சமான 127-இல் வைத்தால் சாம்பிள் பேஸின் மிக முரட்டு அடுக்கு மட்டுமே திரும்பத் திரும்ப வரும். மற்ற அடுக்குகளைப் பதிவு செய்தவன் உழைப்பு வீண். 70-இலிருந்து 105 வரை உலாவ விடுங்கள். குவான்டைஸ் (நோட்டுகளைத் தாளக் கட்டத்துக்கு இழுப்பது) போடுவதாக இருந்தால் 80, 85 சதவீதம். முழுசாக இழுக்காதீர்கள்.

கீஸ்விட்ச் என்று ஒன்று உண்டு. வாசிக்கிற எல்லைக்கு வெளியே உள்ள சில கீகள் ஒலி தராது, வாசிக்கும் முறையை மாற்றும்: உள்ளங்கை வைத்து அமுக்கியது, ஸ்லைடு, ஸ்லாப். திடீரென்று பேஸ் 'துப் துப்' என்று அமுங்கிவிட்டால், கை தவறி அதில் ஒன்றைத் தொட்டிருப்பீர்கள். கீஸ்விட்ச் நோட்டை, அது வேலை செய்ய வேண்டிய நோட்டுக்குச் சற்று முன்னாலேயே வையுங்கள். ஒரே நேரத்தில் வைத்தால் சில சமயம் வேலை செய்யும், சில சமயம் ஏமாற்றும்.

சின்த் பேட்ச், ஒன்றே ஒன்று

வைட்டலைத் திறந்து காலி பேட்சிலிருந்து ஆரம்பியுங்கள். முதல் ஆஸிலேட்டரில் (அலையை உண்டாக்குகிற பகுதி) சைன் அலை. இரண்டாவதைத் திறந்து அதில் ஸா அலை (ரம்பப் பல் வடிவம், ஸ்வரத்தின் ஸ அல்ல), ஒரு ஸ்தாயி மேலே, சத்தம் பாதிக்கும் கீழே. சைன் அடிவயிற்றுக்கு, ஸா காதுக்கு. ஸாவை மட்டும் ஃபில்டருக்கு அனுப்புங்கள். மேலே உள்ளதை வெட்டுகிற 24 டெசிபெல் லோ பாஸ், கட்ஆஃப் (வெட்டு தொடங்கும் இடம்) 300 ஹெர்ட்ஸ் பக்கம். இரண்டாம் என்வலப்பை (நேரத்தோடு ஏறி இறங்குகிற கட்டுப்பாடு) இழுத்து அந்தக் கட்ஆஃபின் மேல் விடுங்கள். அதன் டிகே (இறங்கும் நேரம்) 200 மில்லி செகண்ட், சஸ்டெய்ன் (இறங்கி நிற்கும் அளவு) பூஜ்யம். இப்போது ஒவ்வொரு நோட்டும் தொடங்கும்போது வாய் திறந்து, உடனே மூடும். விரலால் மீட்டிய உணர்வு அதிலிருந்துதான் வருகிறது.

வாய்ஸ் (ஒரே நேரத்தில் ஒலிக்கிற நோட்டு) எண்ணிக்கையை ஒன்றாக்குங்கள். லெகாட்டோவை ஆன் செய்து கிளைடை 50 மில்லி செகண்டில் வைத்தால், ஒட்டி வாசித்த நோட்டுகள் மட்டும் வழுக்கும். யூனிசன் (ஒரே நோட்டைப் பல நகலாக்கிப் பரப்புவது) வேண்டாம். கீழே பரப்பிய பேஸ் ஹெட்போனில் பிரமாதமாக இருக்கும், மோனோவில் பாதி காணாமல் போகும். எங்கள் பக்கத்து மைக் செட் எல்லாமே மோனோ. அப்புறம், பலர் பார்க்காத ஒரு இடம்: ஆஸிலேட்டருக்குக் கீழே ஃபேஸ் ராண்டம் என்று ஒரு சதவீதம் இருக்கும். அதைப் பூஜ்யமாக்குங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு நோட்டும் அலையின் வேறு வேறு இடத்தில் தொடங்கும், ஒன்று குத்தும், ஒன்று சோர்ந்து விழும். ஆம்ப் என்வலப்பில் அட்டாக் 3 மில்லி செகண்ட், ரிலீஸ் 60. அட்டாக் அறவே பூஜ்யமானால் 'டிக்' என்று ஒரு சொடுக்கு கேட்கும். சில பாட்டுக்கு அந்தச் சொடுக்கும் நன்றாகத்தான் இருக்கிறது.

இந்த ஒரு பேட்சிலேயே கட்ஆஃப், டிகே, கிளைடு மூன்றையும் நகர்த்தி நகர்த்தி எத்தனையோ பாட்டு ஓட்டலாம். 1970-இல் வந்த மினிமூக்கிலும் அடிப்படை இதுவேதான்: ஆஸிலேட்டர்கள், ஒரு 24 டெசிபெல் ஃபில்டர், என்வலப்.

808 பேஸ் கேட்கிறார்கள் இப்போது. 1980-இல் வந்த ரோலண்ட் டிஆர் 808 ரிதம் மெஷினில் இருந்த கிக்கை (காலால் அடிக்கிற பெரிய டிரம்மின் ஒலி) நீட்டி, ஸ்வரத்தில் வாசிக்கிற பழக்கத்திலிருந்து வந்தது அது. நகரத்து ராப் பாட்டுக்கு எனக்கு ஆட்சேபம் இல்லை. தவில் இருக்கிற பாட்டில் போட்டால் இரண்டும் ஒரே இடத்துக்கு அடித்துக்கொள்ளும். போட்டே ஆகவேண்டும் என்றால் தனி கிக்கை எடுத்துவிட்டு, 808-இன் வாலை அரை பீட்டுக்குள் வெட்டுங்கள்.

தொப்பியும் தப்பும் இருக்கும்போது

வெளிநாட்டு வீடியோக்கள் எல்லாம் கிக்கோடு பேஸை எப்படிச் சேர்ப்பது என்று சொல்லித் தருகின்றன. நம் பாட்டில் கிக்கே இருக்காது. தவிலின் தொப்பி என்கிற இடப்பக்கம், தப்பு, உடுக்கை, சில சமயம் உருமி. வலந்தலையில் கூடு போட்ட விரல்கள் பொரிவது மேலே. தொப்பியில் கழி விழுந்தால் வருகிற கனம் பேஸ் இருக்கிற தெருவிலேயே குடியிருக்கிறது. உருமியோ வளைந்து வளைந்து முனகும். அது ஏறக்குறைய ஒரு கிளைடு பேஸ்தான், அங்கே இன்னொரு கிளைடு பேஸ் எதற்கு?

தொப்பிப் பக்க மைக்கை மட்டும் ஒலிக்கவிட்டு, வாக்ஸெங்கோ ஸ்பான் என்ற இலவச அனலைசரில் மேடு எங்கே தெரிகிறது என்று பாருங்கள். பேஸில் அதே இடத்தில் 3 டெசிபெல் குறையுங்கள். கூடவே எந்த டிராக்குக்கு அடி தேவையில்லையோ, அதாவது குரல், நாயனம், வலந்தலை மைக், எல்லாவற்றிலும் 100 ஹெர்ட்ஸ் வரை கீழே உள்ளதை வெட்டுகிற ஹை பாஸ் போடுங்கள். மின்சார ஹம் நம் நாட்டில் 50 ஹெர்ட்ஸ். ஜி நோட்டின் 49-க்கும் ஜி ஷார்ப்பின் 52-க்கும் நடுவில் போய் உட்காரும். மைக்கில் வந்த ஹம்மைப் பேஸின் கோளாறு என்று நினைத்து பேட்சைத் திருகாதீர்கள். சார்ஜரைக் கழற்றிவிட்டுக் கேட்டால் பல நேரம் தெரிந்துவிடும்.

பேஸுக்குக் கம்ப்ரெஸர் (உரத்த இடங்களை அமுக்குவது) 4:1, அட்டாக் 25 மில்லி செகண்ட், ரிலீஸ் 90. குறைப்பைக் காட்டுகிற ஊசி 4 டெசிபெல்லுக்கு மேல் போக வேண்டாம். கிக் இருந்தால் சைட்செயின் (கிக் விழும்போது பேஸைத் தாழ்த்துவது) 2, 3 டெசிபெல். தவிலிலிருந்து சைட்செயின் எடுக்க வேண்டாம். சொற்கட்டு நெருக்கமாக வரும்போது பேஸ் மூச்சுத் திணறும். அதைவிடச் சுலபமான வழி, தவில்காரர் தீர்மானம் வைக்கிற இடத்தில் பேஸ் வாயை மூடிக்கொள்வது. முடித்துச் சமத்தில் இறங்கும்போது ஒரே ஒரு நீண்ட ஸட்ஜம். ஊர் திரும்பிப் பார்க்கும்.

குழாய்

என் அறை 10 அடிக்கு 12 அடி. கணக்குப் போட்டால் 56 ஹெர்ட்ஸிலும் 47 ஹெர்ட்ஸிலும் அறையே உறுமும் என்று வரும். அப்படித்தான் உறுமுகிறது. ஏ நோட்டு 55-இல் இருப்பதால் ஆறு கட்டைப் பாட்டில் பேஸ் எனக்கு எப்போதும் கூடுதலாகக் கேட்கும். மூலையில் இலவம்பஞ்சு மெத்தையைச் சுருட்டி நிறுத்தியிருக்கிறேன், மேலுள்ள எதிரொலிக்கு உதவுகிறது, 60-க்குக் கீழே அது ஒன்றும் செய்யாது. ஆகவே கீழ்ஸ்தாயி முடிவுகளை ஹெட்போனில்தான் எடுக்கிறேன். உங்கள் அறைக்கும் கணக்கு எளிது: 343-ஐ நீளத்தின் இரு மடங்கால் வகுங்கள், நீளம் மீட்டரில்.

பாட்டு கடைசியில் ஒலிக்கப்போவது தென்னை மரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில். அதில் சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே எதுவும் வராது. ஒரு மைக் செட்காரர் என்னிடம் சொன்னது: "அண்ணே, பாட்டு நல்லாருக்கு. குழாய்ல போட்டா வெறும் சலங்கைதான் கேக்குது." 52 ஹெர்ட்ஸை எவ்வளவு ஏற்றினாலும் குழாயில் அது கேட்காது. ஆனால் அதன் மேல் ஸ்வரங்கள், 104, 156, 208, 260, 312 என்று ஏறிப்போகும் அடுக்கு வலுவாக இருந்தால், மேலே இருப்பதைக் கேட்டுக் காது கீழே இல்லாததைத் தானே நிரப்பிக்கொள்ளும். ஃபோன் ஸ்பீக்கரிலும் பேஸ் தெரிவது இதனால்தான்.

செய்முறை: பேஸ் டிராக்கை நகல் எடுங்கள். நகலில் 250 ஹெர்ட்ஸ் வரை ஹை பாஸ், பிறகு நன்றாகக் கடிக்கிற டிஸ்டார்ஷன், பிறகு 2,000-க்கு மேல் லோ பாஸ். நகலின் ஃபேடரை முழுக்கக் கீழே இறக்கிவிட்டு, ஃபோனில் கேட்டபடி மெதுவாக ஏற்றுங்கள். பெருங்காயம் மாதிரிதான், வாசனை வர வேண்டும், கட்டி பல்லில் அகப்படக் கூடாது. மூல டிராக்கில் 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். 120-க்குக் கீழே எல்லாம் மோனோ.

பெட்டி ஸ்பீக்கர் அடுக்கி வைக்கிற திருவிழாவும் உண்டு. அங்கே ஆபரேட்டர் பேஸ் நாபை முழுசாகத் திருப்பி வைத்திருப்பார், சொன்னாலும் கேட்க மாட்டார். நான் இரண்டு மிக்ஸ் கொடுக்கிறேன். 'குழாய்' என்று பெயரிட்டதில் அந்த டிஸ்டார்ஷன் நகல் இரண்டு டெசிபெல் கூட. 'பாக்ஸ்' என்று பெயரிட்டதில் மூல பேஸே இரண்டு டெசிபெல் குறைவு. பென் டிரைவில் ஃபைல் பெயரைத் தமிழில் வைக்காதீர்கள், பழைய பிளேயர்கள் கட்டம் கட்டமாகக் காட்டும்.

முடித்ததும் பேட்சை ப்ளகினிலேயே உங்கள் பெயர் போட்டு சேமியுங்கள், பேஸை டபிள்யூஏவி ஆகவும் தனியாக எடுத்து வையுங்கள். ப்ளகின் பதிப்பு மாறினால் பழைய புராஜெக்ட் வேறு மாதிரி திறக்கும். அடுத்த ஆடிக்கு அதே விழாக் கமிட்டி வந்து, "போன வருஷம் போட்ட மாதிரியே, ஆனா கொஞ்சம் ஸ்பீடா" என்று நிற்பார்கள்.